பின்னாலிருந்து எண்ணுங்கள்: தொற்றுக் காலத்தில் மலையிலிருந்து வெளிநாடு போகிறவர்களுக்கு

பாஸ்போர்ட்டையும் ஆதாரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பெயரின் ஆங்கில எழுத்துகளை ஒவ்வொன்றாக விரல் வைத்துப் படியுங்கள். வெளிநாடு போகிற வேலையாக யார் என் கடைக்கு வந்தாலும் நான் முதலில் சொல்வது இதுதான். டிக்கெட், விசா, ஊசி எல்லாம் அப்புறம்.

கோத்தகிரி பஸ் ஸ்டாண்டிலிருந்து நடந்து வருகிற தூரத்தில் எனக்கு ஒரு ஜெராக்ஸ் கடை. இரண்டு கம்ப்யூட்டர், ஒரு பிரிண்டர், ஒரு ஸ்கேனர். கொரோனா வரும்வரை பட்டா நகல், பரீட்சை விண்ணப்பம், கரண்ட் பில் என்று ஓடிக்கொண்டிருந்தது. 2021 ஏப்ரலுக்குப் பிறகு ஒன்றரை வருடம் கடையின் பாதி வேலை வெளிநாடு போகிறவர்களுடைய வேலைதான். அமெரிக்காவில் படிக்கப் போகிற பிள்ளைகள், இங்கிலாந்தில் நர்ஸ் வேலை கிடைத்தவர்கள், லீவில் வந்து மாட்டிக்கொண்ட வளைகுடாக்காரர்கள், மகள் பிரசவத்துக்குக் கிளம்பிய வயதானவர்கள். அவர்களோடு உட்கார்ந்து கற்றுக்கொண்டதை எழுதி வைக்கிறேன். இன்னொரு தொற்று வந்தால் நாடுகளும் நாள்கணக்கும் மாறியிருக்கும். வேலையைச் செய்கிற வரிசை மாறாது.

பெயர்

நம் ஊரில் பெயரோடு ஒரு எழுத்து ஒட்டியிருக்கும், அது அப்பா பெயர். ஆதாரில் அந்த ஒரு எழுத்துதான். பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் முழுசாக, அதுவும் சர்நேம் என்ற கட்டத்தில். ஊசி போட்ட இடத்தில் பெரும்பாலும் ஆதாரைப் பார்த்துத்தான் கோவின் என்ற அரசின் ஊசிப் பதிவுத் தளத்தில் ஏற்றினார்கள். அதனால் சான்றிதழில் இனிஷியல், பாஸ்போர்ட்டில் முழுப் பெயர். எங்கள் பக்கத்து படுகர் வீடுகளில் இன்னொரு சிக்கலும் உண்டு. போஜன் என்ற பெயரை ஒரு காகிதத்தில் ‘ஹெச்’ போட்டும் இன்னொன்றில் போடாமலும் எழுதியிருப்பார்கள். பெள்ளி என்ற பெயரின் கடைசியில் எந்த எழுத்து என்பதில் அண்ணன் தம்பிக்குள்ளேயே வித்தியாசம் இருக்கும். நமக்கு அது ஒரே ஆள். செக்-இன் கவுன்டரில் இருப்பவருக்கு இரண்டு ஆள்.

கோவின் தளத்தில் இதைத் திருத்த வழி வைத்திருந்தார்கள். உள்ளே நுழைந்து ‘ரெய்ஸ் அன் இஷ்யூ’ என்ற பொத்தானை அழுத்தினால் பெயர், பிறந்த வருடம், பாலினம் ஆகியவற்றைத் திருத்தலாம். பாஸ்போர்ட் எண்ணையும் அங்கேயே சேர்க்கலாம். ஆனால் ஒருமுறைதான் விடும். அவசரத்தில் ஒரு எழுத்து தப்பினால் அவ்வளவுதான். அதனால் என் கடையில் ஒரு பழக்கம் வைத்தேன். நான் தட்டச்சு செய்வேன், பாஸ்போர்ட்டுக்குச் சொந்தக்காரர் திரையைப் பார்க்காமல் பாஸ்போர்ட்டை மட்டும் பார்த்து எழுத்து எழுத்தாகச் சத்தமாகப் படிப்பார், கூட வந்தவர் திரையைப் பார்ப்பார். மூன்று பேரும் சரி என்ற பிறகுதான் பொத்தானை அழுத்துவேன். பத்து நிமிடம் ஆகும், ஆகட்டும். இன்றும் எந்த விண்ணப்பத்துக்கும் இப்படித்தான் செய்கிறேன்.

பிறந்த தேதியிலும் ஒரு பாடம் இருந்தது. முதலில் வந்த சான்றிதழ்களில் வயதோ பிறந்த வருடமோ மட்டும்தான் இருக்கும். பிரிட்டன் போன்ற நாடுகள் முழுத் தேதி கேட்டன. 2021 செப்டம்பர் கடைசியில் வெளிநாட்டுப் பயணத்துக்கென்று வருடம்-மாதம்-நாள் என்ற வரிசையில் முழுப் பிறந்த தேதியோடு சான்றிதழ் எடுக்க வசதி வந்தது. அப்போதும் பலர் ஜூலையில் எடுத்த பழைய பிரிண்ட்டைப் பத்திரமாக மடித்துப் பையில் வைத்திருந்தார்கள். எந்தச் சான்றிதழாக இருந்தாலும் கிளம்புவதற்கு முந்தின வாரம் புதிதாக இறக்கிக்கொள்ளுங்கள்.

அப்புறம் போன் நம்பர். எஸ்டேட் முகாம்களில் வரிசையில் நின்ற தொழிலாளிகள் பலரிடம் போன் இல்லை. மேஸ்திரி நம்பரையோ பக்கத்து லைன் வீட்டுப் பையன் நம்பரையோ கொடுத்தார்கள். ஒரு நம்பரில் நாலு பேர் வரை பதியலாம் என்பதால் என் கடை நம்பரிலும் நாலு பேர் இருந்தார்கள். ஆறு மாதம் கழித்து சான்றிதழ் எடுக்க ஓடிபி வேண்டும் என்றால் அந்த நம்பர் யாருடையது என்று தேட வேண்டியதாகிவிட்டது. கீழ்க்கோத்தகிரிப் பக்கத்திலிருந்து வந்த ஒரு டிரைவர் அண்ணன் முதல் ஊசியை ஒரு நம்பரிலும் இரண்டாவதை வேறு நம்பரிலும் போட்டிருந்தார். தளத்தில் பார்த்தால் இரண்டு முதல் டோஸ் சான்றிதழ், இரண்டாவது டோஸே இல்லை. இரண்டையும் ஒன்றாக இணைக்கிற வசதி பின்னால் வந்தது, அதற்கும் இரண்டு போனும் கையில் வேண்டும். எந்த நம்பரில் பதிந்தீர்களோ அதை ஊசி அட்டையின் பின்பக்கத்தில் பேனாவால் எழுதிவிடுங்கள். அது வேறு ஒருவர் நம்பர் என்றால் அவரையும் கூட்டிக்கொண்டு வாருங்கள். ஹட்டியில், அதாவது படுகர் கிராமத்தில், டவர் இல்லாமல் ஓடிபி காலாவதியாகிப் போன கதை எங்களிடம் நிறைய உண்டு, ஆகவே டவர் கிடைக்கிற இடத்தில் உட்கார்ந்து இந்த வேலையைச் செய்யுங்கள்.

எந்த ஊசி, எந்தத் தேதி

பயணம் உறுதியாகிவிட்டது என்றால் ஊசி போடுவதற்கு முன்பே போகிற நாட்டின் பட்டியலைப் பாருங்கள். பல நாடுகள் உலக சுகாதார நிறுவனத்தின் பட்டியலைத்தான் பின்பற்றின. அந்தப் பட்டியலில் கோவிஷீல்டு 2021 பிப்ரவரி 15 அன்றே வந்துவிட்டது. கோவாக்சின் வந்தது நவம்பர் 3 அன்று. நம் நாட்டில் தனியார் மருத்துவமனைகளில் போட்ட ஸ்புட்னிக் அந்தப் பட்டியலில் வரவே இல்லை. மூன்றும் இந்திய அரசு அனுமதித்த ஊசிகள்தான். ஆனால் விமானத்தில் ஏறும்போது மூன்றுக்கும் வெவ்வேறு பதில் கிடைத்தது.

இதைச் சொல்லும்போது ஒன்றைச் சேர்த்தே சொல்ல வேண்டும். பயணம் நிச்சயமில்லாதவர்கள் நல்ல ஊசி வரட்டும் என்று காத்திருக்காதீர்கள். 2021 மே மாதம் எங்கள் தெருவில் ஆக்சிஜன் கேட்டு ஓடியதைப் பார்த்தவள் நான். முகாமில் எது இருக்கிறதோ அதை அன்றே போட்டுக்கொள்வதுதான் உயிருக்குப் பாதுகாப்பு. காகிதத்தைப் பிறகு சரிசெய்யலாம்.

கட்டபெட்டுப் பக்கத்து ஹட்டியிலிருந்து ஒரு வயதான தம்பதி வருவார்கள். 60 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு மார்ச் 1 அன்று ஊசி தொடங்கியதுமே போய்ப் போட்டுக்கொண்டவர்கள். அவர்களுக்குக் கிடைத்தது கோவாக்சின். மகள் நியூஜெர்சியில், டிசம்பரில் பிரசவம். மே 4 முதல் இந்தியாவிலிருந்து போகிற பெரும்பாலானவர்களுக்கு அமெரிக்கா கதவைச் சாத்தியிருந்தது. நவம்பர் 8 முதல் முழுதாக ஊசி போட்டவர்களுக்குத் திறக்கிறது என்று அறிவிப்பு வந்தபோது அந்த ஐயா முகத்தில் வெளிச்சம் வந்தது, கோவாக்சின் பட்டியலில் இல்லை என்றதும் அது போய்விட்டது. வேறு ஊசியை வேறு அடையாள அட்டை காட்டிப் போட்டுக்கொள்ளச் சொல்லி யாரோ யோசனை சொல்லியிருக்கிறார்கள். வேண்டவே வேண்டாம் என்று நானும் சொன்னேன், ஆரம்ப சுகாதார நிலையத்து டாக்டரும் சொன்னார். நாலு ஊசி உடம்புக்கு என்ன செய்யும் என்ற கவலை ஒருபக்கம், ஒரே ஆளுக்கு இரண்டு பதிவு இருப்பது தெரிந்தால் விசாவுக்கே ஆபத்து என்பது இன்னொரு பக்கம். நவம்பர் 4 தீபாவளி. காலையில் கடை பூட்டியிருக்க, வீட்டு வாசலில் வந்து நின்றார். “ஏம்மா, எங்க ஊசி பாஸ் ஆயிடுச்சாமே, டிவியில சொன்னான்.” அன்று கடையைத் திறந்து அறிவிப்பைப் பார்த்து, அவர்கள் இருவருக்கும் புதுச் சான்றிதழ் எடுத்துக் கொடுத்தேன். அந்த மாதக் கடைசியில் கிளம்பிப் போனார்கள்.

மருந்தை ஏற்றுக்கொள்வதும் சான்றிதழை ஏற்றுக்கொள்வதும் ஒன்றல்ல, இதையும் மனதில் வையுங்கள். பிரிட்டன் 2021 செப்டம்பர் 22 அன்று கோவிஷீல்டு சரியான ஊசிதான் என்று ஒப்புக்கொண்டது. ஆனால் இந்தியாவில் போட்டுக்கொண்டவரை ஊசி போடாதவராகவே நடத்தும் என்றது. அக்டோபர் 4 அன்று நம் அரசும் அங்கிருந்து வருகிறவர்களுக்கு அதே கட்டுப்பாட்டை வைத்தது. அக்டோபர் 11 முதல்தான் நம் சான்றிதழ் அங்கே செல்லுபடியானது. அந்த மூன்று வாரத்தில் டிக்கெட் வைத்திருந்த நர்ஸ் பெண்கள் ஊசிப் பெயரை மட்டும் பார்த்து நிம்மதியாக இருந்தார்கள். தனிமைப்படுத்தும் செலவு இருக்கிறது என்பதைக் கடைசியில்தான் அறிந்தார்கள். பட்டியலைப் பார்க்கும்போது இரண்டு கேள்வி கேளுங்கள்: இந்த ஊசி உண்டா? இந்தியாவில் போட்டது உண்டா?

அடுத்தது நாள்கணக்கு. இரண்டாவது டோஸ் போட்ட அன்றே ‘முழுதாக ஊசி போட்டவர்’ ஆகிவிட முடியாது. அமெரிக்கா, பிரிட்டன், கனடா 14 நாள் கேட்டன, ஆஸ்திரேலியா 7 நாள். கோவிஷீல்டுக்கு இரண்டு டோஸுக்கு நடுவில் முதலில் 4 முதல் 6 வாரம் என்றார்கள், மார்ச்சில் 6 முதல் 8 ஆனது, மே 13 அன்று 12 முதல் 16 வாரம் ஆனது. இதை ஒரு பையனின் கணக்கில் பாருங்கள். முதல் ஊசி மே 27. அமெரிக்காவில் கல்லூரி திறப்பது ஆகஸ்ட் மூன்றாம் வாரம். 84 நாள் எண்ணினால் ஆகஸ்ட் 19, அதற்கு மேல் 14 நாள் சேர்த்தால் செப்டம்பர் 2. வகுப்பு போய்விட்டது. அவனும் அவன் அம்மாவும் காலண்டரைப் பார்த்துக்கொண்டு என் கடையில் உட்கார்ந்திருந்தது ஞாபகம் இருக்கிறது.

ஜூன் 7 அன்று ஒரு வழி திறந்தது. படிக்கப் போகிறவர்கள், வேலைக்குப் போகிறவர்கள், டோக்கியோ ஒலிம்பிக் போகிற விளையாட்டு வீரர்கள், இவர்கள் 28 நாள் முடிந்ததும் இரண்டாவது டோஸ் போடலாம், சான்றிதழில் பாஸ்போர்ட் எண் இருக்க வேண்டும் என்று மத்திய அரசு சொன்னது. அதற்கு மாவட்டத்தில் ஒரு அதிகாரியிடம் ஆதாரம் காட்ட வேண்டும்: கல்லூரி அனுமதிக் கடிதம், அல்லது வேலைக் கடிதம், கூடவே பாஸ்போர்ட். பையன் ஜூன் 24 அன்றே போட முடிந்தது, ஜூலை 8-இல் 14 நாளும் முடிந்தது. சாதாரண விதியில் வழி இல்லை என்று தெரிந்தால் சோர்ந்து உட்காராமல், பயணிகளுக்குத் தனி விதி உண்டா என்று கேளுங்கள். 2022 மே மாதத்தில் மூன்றாவது டோஸுக்கும் இதே மாதிரி, போகிற நாடு கேட்டால் முன்கூட்டியே போடலாம் என்று விலக்கு வந்தது. விலக்கு எப்போதும் விதிக்குப் பின்னால் சில வாரம் கழித்துத்தான் வருகிறது. வருகிற அன்று உங்கள் கடிதங்கள் தயாராக இருக்க வேண்டும்.

ஆப்பிரிக்காவில் சில நாடுகளுக்குப் போகிறவர்கள் போடுகிற மஞ்சள் காய்ச்சல் ஊசி பற்றியும் இங்கேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இது கொரோனாவோடு முடிந்துபோன விஷயம் இல்லை. நீலகிரியில் தேயிலைத் தொழில் கற்றவர்கள் கென்யா, உகாண்டா பக்கம் எஸ்டேட், ஃபேக்டரி வேலைக்குப் போவது உண்டு. இந்த ஊசியைச் சாதாரண மருத்துவமனையில் போட முடியாது, அரசு அங்கீகரித்த மையத்தில்தான் போட வேண்டும். சென்னை கிண்டி கிங் இன்ஸ்டிட்யூட் அப்படி ஒன்று. போட்ட 10 நாள் கழித்துத்தான் அட்டை செல்லும், ஆகவே பயணத்துக்கு முந்தின நாள் ஓடிப் பயனில்லை. 2016 ஜூலை முதல் அந்த அட்டை ஆயுள் முழுக்கச் செல்லும் என்று ஆகிவிட்டது. மூல அட்டையைத்தான் காட்ட வேண்டும், ஜெராக்ஸ் எடுபடாது, ஜெராக்ஸ் கடைக்காரி சொல்கிறேன். அந்த நாடுகளிலிருந்து அட்டை இல்லாமல் திரும்பி வந்தால் நம் விமான நிலையத்திலேயே 6 நாள் வரை தனியாக வைத்துவிடுவார்கள்.

யாருடைய விதி

விதி ஒரே இடத்திலிருந்து வருவதில்லை. போகிற நாடு ஒன்று சொல்லும், நடுவில் விமானம் மாறுகிற நாடு ஒன்று சொல்லும், விமான நிறுவனம் ஒன்று சொல்லும், நம் அரசு ஒன்று சொல்லும். நாலிலும் எது கடுமையோ அதுதான் உங்களுக்கு விதி. போகிற நாட்டின் அரசுத் தளத்தையும் நீங்கள் ஏறப்போகிற விமான நிறுவனத்தின் தளத்தையும் மட்டும் நம்புங்கள். அங்கே இருக்கிற மாமா வாட்ஸ்அப்பில் அனுப்பியது போன மாத விதியாக இருக்கும். பார்த்த பக்கத்தைத் தேதி தெரிகிற மாதிரி பிரிண்ட் எடுத்து வையுங்கள். கவுன்டரில் இருப்பவருக்கே புது விதி தெரியாத நாட்கள் இருந்தன, அந்தக் காகிதத்தைக் காட்டி ஏறியவர்கள் உண்டு.

பலர் தவறாகப் புரிந்துகொண்டது ஒன்று: அந்தக் கட்டுப்பாடுகள் நிறைய இடத்தில் பாஸ்போர்ட்டைப் பார்த்து வைத்தவை அல்ல, கடைசி 14 நாள் எங்கே இருந்தீர்கள் என்பதைப் பார்த்து வைத்தவை. அதனால்தான் நேராகப் போக முடியாதவர்கள் மூன்றாவது நாட்டில் இரண்டு வாரம் தங்கிப் போனார்கள். செலவு அதிகம், நடுவில் அந்த நாட்டின் விதி மாறினால் அங்கேயே மாட்டிக்கொள்ள வேண்டியதுதான். வேலை போய்விடும் என்ற கட்டாயம் இல்லாத யாருக்கும் நான் இதைச் சொல்ல மாட்டேன்.

விமானம் மாறுகிறவர்கள் டிக்கெட்டைக் கவனியுங்கள். முழுப் பயணமும் ஒரே டிக்கெட்டாக இருந்தால் பெட்டி நேராகப் போய்விடும், நீங்கள் விமான நிலையத்துக்குள்ளேயே இருக்கலாம். மலிவு என்று இரண்டு தனி டிக்கெட் எடுத்தால் நடுவில் இறங்கி, குடியேற்றச் சோதனையைத் தாண்டி, பெட்டியை எடுத்து மறுபடி ஏற்ற வேண்டி வரும். அப்படி வெளியே வந்தால் அந்த நாட்டுக்குள் நுழைகிறவருக்கான ஊசி, சோதனை விதி எல்லாம் உங்களுக்கும் சேரும். நாலாயிரம் ரூபாய் மிச்சம் பிடிக்கப் போய் அங்கே தடுக்கப்பட்டவர்களை எனக்குத் தெரியும்.

கனடா போகிற பிள்ளைகளுக்கு இன்னொரு மாதிரி. 2021 ஏப்ரல் 22 முதல் செப்டம்பர் 26 வரை இந்தியாவிலிருந்து நேரடி விமானமே இல்லை, வேறு நாட்டில் சோதனை எடுத்துப் போக வேண்டும். மறுபடி தொடங்கியபோது டில்லி விமான நிலையத்தில் உள்ள குறிப்பிட்ட லேபில், விமானம் கிளம்ப 18 மணி நேரத்துக்குள் எடுத்த ரிசல்ட்தான் வேண்டும் என்றார்கள். கோவையில் எடுத்த ரிசல்ட் எவ்வளவு சரியாக இருந்தாலும் செல்லாது. எத்தனை மணி நேரம் என்பதோடு எந்த லேப் என்பதையும் படியுங்கள்.

மணிக்கணக்கு

இதில்தான் என் வீட்டிலேயே அடி விழுந்தது. என் தம்பி ஷார்ஜாவில் ஒர்க்‌ஷாப் வேலை. லீவில் வந்து மாட்டிக்கொண்டு, அக்டோபரில் திரும்பிப் போக அனுமதி கிடைத்தது. ஊசி சரி, பெயர் சரி, அங்கிருந்து வந்த அனுமதி சரி. ஆர்டி-பிசிஆர் சோதனை 48 மணி நேரத்துக்குள் எடுத்ததாக இருக்க வேண்டும், ரிப்போர்ட்டில் கியூஆர் கோடு வேண்டும், அதற்கு மேல் விமான நிலையத்திலேயே இன்னொரு ரேபிட் பிசிஆர்.

கொச்சியிலிருந்து வெள்ளிக்கிழமை காலை 5 மணிக்கு விமானம். நான் புதன்கிழமை காலை 10 மணிக்கு மலையிலேயே சாம்பிள் கொடுக்க வைத்தேன். 43 மணி நேரம், 5 மணி நேரம் கையில் இருக்கிறது என்று கணக்குப் போட்டேன். சாம்பிள் கீழே போய் ரிசல்ட் வர வியாழன் மதியம் ஆனது. அவன் வண்டி பிடித்து மேட்டுப்பாளையம், கோவை, வாளையார் என்று இரவு முழுக்கப் போனான். விமான நிலையத்தில் போய் நின்றபோது விமானம் 11.30-க்கு மாற்றப்பட்டிருந்தது. 49 மணி நேரம் 30 நிமிடம். கவுன்டரில் இருந்தவர் சாம்பிள் எடுத்த நேரத்தைப் பார்த்தார், தலையை ஆட்டினார். வேறு எதையும் படிக்கவில்லை. தம்பி அங்கேயே மறுபடி சாம்பிள் கொடுத்து, புது டிக்கெட் கிடைத்துப் போவதற்கு 6 நாள் ஆனது. அந்த 6 நாளும் அவன் சம்பளம் போனது என் கணக்கால்தான் என்று இன்றும் எனக்கு உறுத்துகிறது.

அன்று முதல் இப்படித்தான் கணக்குப் போடுகிறேன். காகிதத்தின் அடியில் விமானம் கிளம்பும் நேரத்தை எழுதுங்கள். அதிலிருந்து மேல்நோக்கி எண்ணுங்கள். 48 மணி நேரம் என்றால் 48-ஐக் கழித்து, வந்த நேரத்திலிருந்து 12 மணி நேரம் விமானத்தை நோக்கி நகருங்கள். அதற்கு முன்னால் சாம்பிள் கொடுக்கக் கூடாது. வெள்ளி காலை 5 மணி விமானத்துக்கு புதன் மாலை 5 மணிக்கு முன்னால் வேண்டாம் என்று அர்த்தம். ரிசல்ட் வர எத்தனை மணி நேரம் ஆகும் என்று லேபில் கேளுங்கள், அவர்கள் சொல்வதோடு பாதியைச் சேர்த்துக்கொள்ளுங்கள். இரண்டும் பொருந்தவில்லை என்றால் மலையில் சாம்பிள் கொடுக்காதீர்கள். முந்தின நாளே இறங்கி கோவையில் கொடுத்துவிட்டு, சொந்தக்காரர் வீட்டிலோ லாட்ஜிலோ தங்குங்கள். தம்பியின் இரண்டாவது பயணத்தில் அப்படித்தான் செய்தான்.

நேரம் எண்ணப்படுவது சாம்பிள் எடுத்ததிலிருந்து. ரிப்போர்ட்டில் மூன்று நேரம் இருக்கும்: எடுத்தது, லேபுக்கு வந்தது, ரிசல்ட் வெளியிட்டது. எடுத்த நேரம் சரியாக அச்சாகியிருக்கிறதா என்று லேபை விட்டு வருவதற்கு முன்னாலேயே பாருங்கள். நாள் என்று சொல்வதும் மணி என்று சொல்வதும் வேறு. அமெரிக்கா 2021 டிசம்பர் 6 முதல் ‘கிளம்புவதற்கு ஒரு நாள் முன்’ என்றது. அது 24 மணி நேரம் இல்லை, வெள்ளி இரவு விமானத்துக்கு வியாழன் காலை எடுத்ததும் செல்லும். அதைத் தெரியாமல் பயந்து இரண்டு முறை பணம் கட்டியவர்கள் இருந்தார்கள்.

கொரோனா வந்து குணமானவர்களுக்கு உடம்பு சரியான பிறகும் சில வாரம் பிசிஆரில் பாசிடிவ் காட்டலாம். அமெரிக்கா 90 நாளுக்குள் வந்த பாசிடிவ் ரிப்போர்ட்டையும், குணமாகிவிட்டார் என்ற டாக்டர் கடிதத்தையும் சேர்த்து ஏற்றுக்கொண்டது. பாசிடிவ் ரிப்போர்ட்டை அவமானமாக நினைத்துக் கிழித்துப் போடாதீர்கள், அது ஒரு ஆவணம்.

போலி ரிப்போர்ட் எடுத்துத் தருகிறேன் என்று ஆட்கள் வருவார்கள். என் கடைக்கும் வந்து, தேதியை மட்டும் மாற்றி பிரிண்ட் போட்டுத் தரச் சொன்னார்கள். கியூஆர் கோடை ஸ்கேன் செய்தால் லேபின் பதிவு திறக்கும், அங்கே உண்மைத் தேதி இருக்கும். அதைவிடப் பெரிய விஷயம், அந்த விமானத்தில் பக்கத்து சீட்டில் உட்காரப் போகிறவர் யாரோ ஒருவருடைய அம்மா. நான் மறுத்து அனுப்பினேன், நீங்களும் மறுத்துவிடுங்கள்.

இறங்குவது

கோத்தகிரியிலிருந்து மேட்டுப்பாளையம் 33 கிலோமீட்டர்தான். சாதாரண நாளில் ஒன்றரை மணி நேரம். அக்டோபர் முதல் டிசம்பர் வரை அந்தக் கணக்கை நம்பாதீர்கள். மழையில் மரம் விழும், மண் சரியும். கோத்தகிரிச் சாலை அடைத்தால் குன்னூர் சுற்றிப் போக வேண்டும், இரண்டும் அடைத்த நாட்களும் உண்டு. பலாப்பழக் காலத்தில் குஞ்சப்பனை, முள்ளூர் பக்கம் யானை நின்றால் அது நகரும்வரை வண்டி நகராது. ஆகவே விமானம் எந்த ஊரிலிருந்து என்றாலும் முந்தின நாள் பகலிலேயே இறங்கிவிடுங்கள். கூடலூர், பந்தலூர்க்காரர்கள் கோழிக்கோட்டுக் கரிப்பூர் விமான நிலையம் போவது பக்கம், ஆனால் நாடுகாணியில் மாநில எல்லை இருக்கிறது. தொற்றுக் காலத்தில் எல்லைக்கு எல்லை தனி விதி, அதையும் உங்கள் பட்டியலில் ஐந்தாவது விதியாகச் சேருங்கள்.

காகிதங்களை இரண்டு செட் எடுங்கள். ஒன்று கைப்பையில், ஒன்று பெட்டியில். கியூஆர் கோடு மேல் மடிப்பு விழாமல் மடியுங்கள், லேமினேட் செய்ய வேண்டாம், வெளிச்சம் பட்டுப் பளபளத்து ஸ்கேனர் படிக்காமல் போகிறது. பிரிண்ட் எடுத்ததும் உங்கள் போனில் நீங்களே ஒருமுறை ஸ்கேன் செய்து பாருங்கள். போனிலும் நெட் இல்லாமல் திறக்கிற மாதிரி சேமித்து வையுங்கள். சின்னப் பிள்ளைகள் கூட வந்தால் அவர்களுக்கான விலக்கைத் தனியாகப் படியுங்கள், வயது வரம்பு நாட்டுக்கு நாடு மாறியது.

திரும்பி வரும்போது

திரும்பும்போது வெளிநாட்டிலிருந்து வருகிறவர்கள் ஊசி, சோதனை விவரம் தருகிற நம் அரசின் ஏர் சுவிதா படிவத்தை நிரப்ப வேண்டியிருந்தது, 2022 நவம்பர் 22 அன்று அதை எடுத்துவிட்டார்கள். கிளம்பும் அவசரத்தில் இந்தப் பக்கத்து விதியை யாரும் பார்ப்பதில்லை, இறங்கிய பிறகு வரிசையில் நின்று பார்க்கிறார்கள். அங்கே போட்ட மூன்றாவது டோஸின் அட்டையை எறியாமல் கொண்டு வாருங்கள். மலை ஏறவும் அப்போது இ-பதிவு கேட்டார்கள். போர்டிங் பாஸையும் ஆதாரையும் டிரைவர் கையிலேயே கொடுத்து வைத்தால் செக்போஸ்ட்டில் பெட்டியைப் பிரித்துத் தேட வேண்டியிருக்காது. கோவையிலிருந்து டாக்சி பிடிக்கிறவர்கள் இப்போதும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். 2024 மே 7 முதல் வெளியூர் வண்டிகள் நீலகிரிக்குள் வர இ-பாஸ் வேண்டும். எண் பலகையில் டிஎன் 43 இருக்கிற நம் ஊர் வண்டி கீழே வந்து அழைத்துப் போனால் அந்த வேலை இல்லை. டிரைவரிடம் விமானம் இறங்குகிற நேரத்தைச் சொல்லாமல், நீங்கள் வெளியே வருகிற நேரம் என்று இரண்டு மணி நேரம் கூட்டிச் சொல்லுங்கள்.